மடிக்கணினியில் காட்டியதை நம்பி மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்

கோலாலம்பூர் செந்தூலில் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் இலவச டியூஷன் நடத்தும் சிறிய அமைப்பு எங்களுடையது. நான் செயலாளர். எங்கள் இணையத்தளம் பழையது. கைப்பேசியில் திறந்தால் பக்கத்தை இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளித்தான் படிக்க வேண்டும். கைப்பேசி, டேப்லெட், கணினி எதில் திறந்தாலும் ஒழுங்காகத் தெரியும்படி மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். கட்டணம் 6,500 வெள்ளி (ரிங்கிட்). அதில் பாதிக்கு மேல் தீபாவளிக்கு எங்கள் அம்மாமார்கள் முறுக்கு சுட்டு விற்றுச் சேர்த்த பணம்.

வேலை முடிந்தது என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டார். மடிக்கணினியில் தளத்தைத் திறந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சன்னலைச் சிறிதாக்கினார். எழுத்தும் படமும் அழகாக ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து அமர்ந்தன. "பாத்தீங்களா அண்ணே, போன்ல இப்படித்தான் வரும்." செயலவையில் ஐந்து பேர் அங்கே இருந்தோம். ஐந்து பேரிடமும் கைப்பேசி இருந்தது. ஒருவரும் எடுத்துத் திறந்து பார்க்கவில்லை. அன்றிரவே மீதிப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

பதிவு தொடங்கிய வாரம் ஓர் அம்மா வகுப்புக்கே வந்துவிட்டார். "தம்பி, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. புள்ள பேர எங்க போடுறதுன்னே தெரியல." மூலையில் கீறல் விழுந்த அவருடைய கைப்பேசியில் முழுப் பக்கமும் தபால்தலை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. விரலால் பெரிதாக்கினால் தமிழ் அறிவிப்பு மங்கிப்போனது. அது எழுத்தே இல்லை, படம்! தமிழில் தட்டச்சு செய்யாமல் எங்கள் சுவரொட்டியை அப்படியே ஒட்டியிருக்கிறார். பிரிபெய்ட் டேட்டாவில் அது இறங்கி வருவதற்கே நேரம் எடுத்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கணினித் துறையில் படிக்கும் எங்கள் தொண்டூழியப் பெண் ஒருவர் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்துக் காரணத்தைச் சொன்னார். 'வியூபோர்ட்' என்று ஒரே ஒரு வரி தலைப்பகுதியில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கைப்பேசி உலாவி, இது கணினிக்கான பக்கம் என்று எடுத்துக்கொண்டு சுமார் 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பிறகு திரைக்குள் அடங்கும்படி சுருக்கிவிடும். கணினியில் சன்னலை இழுத்துப் பார்க்கும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. கடையில் எங்களுக்குக் காட்டியது அதைத்தான்.

தளம் செய்து தந்தவரிடம் கேட்டேன். "போன் தனி பேக்கேஜ் அண்ணே, இன்னும் 1,800 ஆகும்." கொட்டேஷனை எடுத்துப் பார்த்தால் 'ரெஸ்பான்சிவ்' (திரைக்கு ஏற்ப மாறுவது) என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. எந்தக் கருவி, எந்த உலாவி, யார் சோதிப்பது என்று ஒன்றுமே இல்லை. அதைக் கேட்டு எழுதி வாங்காதது என் தவறு.

சரி, வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றால் அங்கேதான் பெரிய அடி. வேகம் கூடும் என்று சொல்லி எங்கள் டொமைனை, அதாவது இணைய முகவரியை, வேறு கணக்குக்கு மாற்றுவதற்கான குறியீட்டை முன்பே வாட்ஸ்ஆப்பில் வாங்கியிருந்தார். அதை வைத்துத் தம் கணக்குக்கு மாற்றி, உரிமையாளர் இடத்தில் தம் பெயரையே போட்டுக்கொண்டார். இப்போது நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் சங்கப் பதிவுச் சான்றிதழைக் கொண்டு, அமைப்பின் பெயரிலேயே டாட் ஓஆர்ஜி டாட் எம்ஒய் முகவரி ஒன்றை வாங்கினோம். தளத்தை அந்தத் தொண்டூழியப் பெண்ணே எளிமையாகச் செய்து கொடுத்தார். வெளியிடும் முன் அதே அம்மாவின் கைப்பேசியில் திறந்தோம். மகன் பெயரை அவரே தமிழில் அடித்துப் பதிவு செய்தார்.

பழைய முகவரி அச்சடித்த துண்டறிக்கை உங்களிடம் இருந்தால் அதன்வழி நன்கொடை அனுப்ப வேண்டாம். இதே ஆள் வேறு சங்கங்களையும் பார்த்து வருவதாகக் கேள்வி. கையெழுத்துப் போடும் முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அவர் எங்களுக்குத் தந்த கொட்டேஷனைக் காட்டுகிறேன்.