கறுப்பு வெள்ளை ஆய்வகமா, வண்ண உலையா?

அமெரிக்க அரசின் உர ஆராய்ச்சியைப் பழைய படங்களில் பார்க்க இரண்டு வழி உண்டு. 1919இல் வாஷிங்டனில் தொடங்கிய நைட்ரஜன் ஆய்வகத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒன்று. அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸ் ரசாயன ஆலையை 1942 ஜூனில் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் பால்மர் எடுத்த வண்ணப் படங்கள் இன்னொன்று.

முதலில் கண்ணைப் பறிப்பது பால்மர்தான். பாஸ்பேட்டை உருக்கும் ராட்சத மின் உலையை அப்படி எடுத்திருக்கிறார். ஆனால் அது போர்க்காலப் பிரசாரம். உலை எப்படி வேலை செய்கிறது என்பதைவிட அதன் பிரம்மாண்டம்தான் மனதில் நிற்கும்.

கருவிகளைப் படிக்க வேண்டுமென்றால் என் ஓட்டு ஆய்வகத்துக்கே. காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, உரத்துக்கு அடிப்படையான அம்மோனியா ஆக்க, வளிமண்டலத்தைப்போல 200 மடங்கு அழுத்தமும் 400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமும் தேவைப்படும். அதனால்தான் ஆய்வகப் படங்களில் அந்தக் கனத்த எஃகுச் சுவர்கள், நெருக்கமான போல்ட்டுகள், அழுத்தமானிகள். உள்ளே வினையை வேகப்படுத்தும் இரும்பு வினையூக்கி இருக்கும், அது படத்தில் தெரியாது. சரி, நிறம் இல்லைதான். ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள், அவ்வளவு ஆனந்தம்!