கோர்கி வாங்கலாமா? முதல் மாதம் தொடங்கி முதுமை வரை

கோர்கி நாய் வாங்க ஆசைப்படுபவர்களில் பலர் மூன்று மாதக் குட்டியின் வீடியோவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். குட்டிப் பருவம் ஓராண்டுக்குள் ஓடிவிடும். அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் உங்கள் வீட்டில் இருக்கப்போவது பிரிட்டனின் வேல்ஸ் பண்ணைகளில் மாடு ஓட்டப் பழக்கிய நாய். உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை 10 முதல் 13 கிலோ. கால்தான் குட்டை. குரல், பிடிவாதம், சுறுசுறுப்பு எல்லாம் பெரிய நாயினுடையவை. சென்னை, மதுரை போன்ற வெயில் ஊர்களில், அதுவும் அடுக்குமாடியில், அந்த வருடங்கள் எப்படி இருக்கும் என்பதைத்தான் இங்கே பேசுகிறோம்.

கோர்கியில் இரண்டு இனங்கள் உண்டு: பெம்புரோக், கார்டிகன். 1934 முதல் பிரிட்டனில் இவை தனித்தனி இனங்கள். நம் ஊரில் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் பெம்புரோக். எலிசபெத் ராணி வளர்த்ததும் அதுதான். 1944இல் பதினெட்டாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த சூசன் என்ற நாயின் வழியில்தான் அவருடைய கோர்கிகள் பெருகின. கார்டிகனுக்கு நீளமான வால், சற்றுக் கனத்த உடம்பு, குணத்தில் கொஞ்சம் நிதானம். பெம்புரோக்கின் வாலைப் பிறந்த சில நாளில் வெட்டுவது பழைய வழக்கம். சில குட்டிகள் இயல்பாகவே குட்டை வாலோடு பிறக்கும். வால் இருந்தால் நாய்க்கு ஒரு குறையும் இல்லை. வெட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

முதலில் முடி. "தினமும் கொஞ்சம் கொட்டும்" என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. கோர்கிக்கு இரண்டு அடுக்கு முடி: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற மென்முடி. குளிர் நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை அடிமுடி மொத்தமாக உதிரும். இங்கே பருவ மாற்றம் தெளிவாக இல்லாததால் ஆண்டு முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதோடு சில வாரங்கள் அள்ளிக் கொட்டும். வாரத்துக்கு மூன்று நாள், தலா 15 நிமிடம் சீவ வேண்டும். கொட்டும் வாரங்களில் தினமும். முதலில் அடிமுடி எடுக்கும் அகலப்பல் சீப்பால் தொடையின் பின்பக்கம், கழுத்து, மார்பு ஆகிய இடங்களைச் சீவுங்கள். அடுத்து மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ், கடைசியில் சாதாரண உலோகச் சீப்பு. சீப்பு எங்கேயும் சிக்காமல் ஓடினால் வேலை முடிந்தது. குளியல் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் அடிமுடி வேர்வரை காயும்வரை புளோயர் போட வேண்டும். மேலே காய்ந்தது என்று விட்டுவிட்டால் இந்த ஈரப்பதத்தில் உள்ளே தோல் புண்ணாகும். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

வெயில் வந்ததும் மொட்டையடித்துவிடலாம் என்ற யோசனை எல்லா வீட்டிலும் எழும். செய்யாதீர்கள். அந்த முடி வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. ஒட்ட மழித்தால் சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாக, நிறமும் தன்மையும் மாறித்தான் திரும்ப வளரும். அடிமுடியைச் சீவி எடுத்துக் காற்றுப் போக வழிசெய்வதே சரி.

வெயிலை எண்ணால் மட்டும் அளக்கக் கூடாது. நாய் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்வது முக்கியமாக நாக்கு ஈரம் ஆவியாவதால்தான். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், 34 டிகிரியில்கூட எவ்வளவு மூச்சிரைத்தாலும் சூடு இறங்காது. கோர்கியின் வயிறு தரையை ஒட்டியே இருக்கிறது என்பதால் தார்ச்சாலையின் அனலும் நேராக ஏறும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வாக்கிங் காலை 6.30க்குள் முடிய வேண்டும், மாலை ஏழரைக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதற்கும் முடியாது. பகலில் ஏசி அறை, அல்லது காற்றோட்டமும் ஃபேனும் ஈரத் துணியும் உள்ள கல் தரை. மின்வெட்டு நேரத்துக்கு இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், நாயைத் தனியாகப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு நாங்கள் கோர்கியைப் பரிந்துரைக்க மாட்டோம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகளே பாதிக்கப்படும். நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், அடர்சிவப்பு ஈறு, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி ஃபேன் போடுங்கள். பிறகு வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். 39.5க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடலாம். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. வயிறு புல்லை உரசிக்கொண்டே போவதால் உண்ணி எளிதாக ஏறும். திரும்பி வந்ததும் காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு மூன்றையும் கையால் தடவிப் பாருங்கள். மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டை மறுப்பது, மூக்கில் ரத்தம் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அடையாளங்கள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எண்ணிக்கையைக் கேட்டுப் பாருங்கள்.

குணத்துக்கு வருவோம். மாட்டின் பின்னங்காலைக் கவ்வி விரட்டி, அது உதைக்கும்போது தரையோடு பதுங்கித் தப்புவதுதான் இந்த நாயின் பிறவித் தொழில். உங்கள் வீட்டில் மாடு இல்லை. ஓடுகிற குழந்தையின் குதிகால் இருக்கிறது, துடைப்பம் இருக்கிறது, வாசலில் ஸ்கூட்டர் இருக்கிறது. குட்டியிலேயே கவ்வத் தொடங்கிவிடும். பல் விழுந்து முளைக்கும் நான்கு முதல் ஆறு மாதத்தில் உச்சம். இது கோபமோ வெறியோ இல்லை, ஆனாலும் பல் பல்தான். கத்தினால் அதற்கு விளையாட்டு சூடுபிடிக்கும்; அடித்தால் பயந்து நிஜமாகவே கடிக்கக் கற்றுக்கொள்ளும். கவ்விய நொடியில் அசையாமல் நின்றுவிடுங்கள். அசைவு நின்றால் அதற்கு வேட்கை தணியும். உடனே இழுக்கும் கயிற்றுப் பொம்மையை வாயில் கொடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் இதையே தினமும் செய்தால் படிப்படியாகக் குறையும். தாத்தா மட்டும் துண்டை ஆட்டி விளையாட்டுக் காட்டினால் குறையவே குறையாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், பெரியவர் ஒருவர் கூடவே இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடக் கூடாது.

குரைப்பு குறைந்த நாய் வேண்டுமென்றால் கோர்கி வேண்டாம். லிஃப்ட் சத்தம், டெலிவரி பையன், எதிர் பால்கனிப் பூனை என ஒவ்வொன்றையும் அறிவிக்கும். குரைக்காமல் இருக்கும் மூன்று விநாடிக்கு ட்ரீட் கொடுத்து, அந்த இடைவெளியை ஐந்து, பத்து என நீட்டினால் குறைக்கலாம், நிறுத்த முடியாது. தினமும் அரைமணி நேர நடை இரண்டு, அதோடு 15 நிமிடம் மூளைக்கு வேலை: வாசனை பிடித்துத் தேடுவது, சொல்லிக்கொடுத்ததைச் செய்வது. இது குறைகிற நாளில் குரைப்பு கூடுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இத்தனையும் முடியாது, ஆனால் பாசமான நாய் வேண்டும் என்பவர்களுக்கு, நம் வெயிலுக்குப் பழகிய தெருநாய்க் குட்டி ஒன்றைத் தத்தெடுப்பது எவ்வளவோ மேல்.

சாப்பாட்டில்தான் பாசமுள்ள குடும்பங்கள் தவறு செய்கின்றன. கருத்தடை செய்த 12 கிலோ கோர்கிக்கு நாளுக்கு ஏறக்குறைய 600 முதல் 700 கலோரி போதும். 100 கிராமில் 370 கலோரி உள்ள டிரை ஃபுட் என்றால் 160 முதல் 190 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. கப்பில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துக் கொடுங்கள். ட்ரீட் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு இட்லி கொடுத்தாலே அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்தது. கோர்கி ஒருபோதும் "போதும்" என்று சொல்லாது, அதன் கண்ணை நம்பாதீர்கள். விலா எலும்பு லேசாகத் தடவினாலே கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

எடையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் முதுகு. குட்டைக் காலைத் தருகிற அதே மரபணு மாற்றம், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டுகளைச் சிறு வயதிலேயே இறுகச் செய்யும் போக்கோடு தொடர்புடையது. இறுகிய வட்டு ஒருநாள் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும். வழவழ டைல்ஸ் தரையில் சறுக்குவது, சோபாவிலிருந்து குதிப்பது, படியில் தாவி இறங்குவது எல்லாம் அந்த முதுகுக்கு அடி. நாய் நடமாடும் பாதையில் ரப்பர் மேட் போடுங்கள். பாத இடுக்கு முடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். 45 செ.மீ. உயர சோபாவுக்கு ஒன்றரை மீட்டர் நீளச் சாய்வுப்பலகை தேவை. அதைவிடக் குட்டையாக இருந்தால் செங்குத்தாகிவிடும், நாய் அதைத் தவிர்த்துக் குதிக்கவே செய்யும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில், முதுகு நேர்கோட்டில். முன்னங்கால்களைப் பிடித்துக் குழந்தையைப் போலத் தூக்கவே கூடாது. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்.

தொட்டால் வீறிடுவது, முதுகைக் கூன்போடுவது, சோபாவைப் பார்த்துத் தயங்குவது ஆரம்ப அறிகுறிகள். பின்னங்கால் பின்னிக்கொண்டாலோ பாதம் மடங்கி இழுபட்டாலோ அன்றே மருத்துவமனை. கால் உணர்ச்சியே போயிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வலி மாத்திரை கொடுத்து நடமாட விடுவதுதான் பெரிய தவறு. வலி அடங்கியதும் நாய் குதிக்கும், வட்டு மேலும் பிதுங்கும். லேசான பாதிப்புக்குக்கூடக் குறைந்தது நான்கு வாரம் கூண்டு ஓய்வு வேண்டும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், புரூஃபென் எதையும் தொடாதீர்கள்.

பெம்புரோக்குக்கு முதுமையில் இன்னொரு நோய் அதிகம் வருகிறது: டிஜெனரேடிவ் மயலோபதி, அதாவது தண்டுவடம் மெல்லச் சிதைவது. பத்து வயதை ஒட்டி, வலியே இல்லாமல் பின்னங்கால் வலுவிழக்கும். நகம் தரையில் தேயும் சத்தம்தான் முதலில் கேட்கும். சில மாதங்களில் எழ முடியாமல் போகும். மருந்து கிடையாது. பிசியோதெரபியும் பின்காலுக்குச் சக்கர வண்டியும் காலத்தை நீட்டித் தரும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், 12 கிலோ நாயை நாளுக்கு நான்கு முறை தூக்கி இறக்க உங்களால் முடியுமா என்பதைக் குட்டி வாங்கும் முன்பே யோசியுங்கள். இந்த நோயின் காரணமான எஸ்ஓடி1 மரபணு மாற்றம் 2009இல் கண்டறியப்பட்டது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் பரிசோதனை முடிவு வந்துவிடும். தாய், தந்தை இரண்டில் ஒன்றாவது முற்றிலும் மாற்றமில்லாத முடிவு பெற்றிருந்தால், குட்டிக்கு இரண்டு கெட்ட பிரதிகள் சேர வழியில்லை; இரண்டும் சேர்ந்தால்தான் முக்கியமாக ஆபத்து.

ஆகவே விலை பேசும் முன் அந்த அறிக்கையைக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண்ணை ரீடரால் படித்துச் சரிபாருங்கள். அந்தச் சான்றிதழ் வம்சத்துக்குத்தான் சாட்சி, உடல்நலத்துக்கு இல்லை. தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள்: ஆளைக் கண்டு ஒடுங்குகிறதா, நடையில் பின்பக்கம் ஆடுகிறதா, என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று? குட்டியைச் சாலையோரத்திலோ பஸ் நிலையத்திலோ வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், முன்பணம் கொடுத்திருந்தாலும் அதை விட்டுவிட்டு வாருங்கள்.