இன்று மாலை எதை எடுப்பேன்? நிண்டெண்டோவின் ஏழு கன்சோல்கள், என் வரிசையில்

கன்சோல்களை, அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகளை, வரிசைப்படுத்தும் பேச்சு எழுந்தாலே இரண்டு அளவுகோல்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கும். ஒன்று விற்பனை. அதைக் கேட்டால் ஸ்விட்ச் 15 கோடிக்கும் மேல், வீ 10 கோடிக்கும் மேல் என்று ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இன்னொன்று வரலாறு, அதாவது யார் எதை முதலில் செய்தார்கள் என்பது. இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஊரே வாங்கியது என்பதற்காகவும், ஒரு காலத்தில் பெரிய சாதனை என்பதற்காகவும் யாரும் ஒரு கேமை மறுபடி எடுத்து உட்காருவதில்லை. நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: வேலையெல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் கையில் கிடைத்தால், எதன் முன் போய் உட்காருவேன்?

இந்தக் கேள்வியால் ஒரு பெரிய தலை உருளப்போகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் கைக்கருவிகள் இல்லை. 1977-இன் கலர் டிவி-கேம் இல்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-வும் இல்லை. மறுபடி எடுக்கத் தோன்றுகிறதா என்று கேட்கும் அளவுக்கு அதற்கு இன்னும் வயதாகவில்லை.

கடைசி பெஞ்ச்

ஏழாவது இடம் வீ யூவுக்கு. 2012-இல் வந்து, 1 கோடியே 35 லட்சத்துச் சொச்சத்தோடு நின்றுபோனது. பெயரைக் கேட்ட பலர், பழைய வீக்கு ஏதோ புதுக் கன்ட்ரோலர் வந்திருக்கிறது என்றே நினைத்தார்கள். நான் அதைக் கீழே தள்ளுவது அதற்காக அல்ல. 6.2 அங்குலத் திரை பதித்த கேம்பேட் என்ற கன்ட்ரோலர் நல்ல யோசனைதான். நிண்டெண்டோ லேண்டில் ஒரு பேய் ஆட்டம் உண்டு: கேம்பேட் வைத்திருப்பவர் பேய், அவர் திரையில் எல்லோரும் தெரிவார்கள். டிவியைப் பார்த்து ஆடும் மற்றவர்கள் கண்ணுக்குப் பேய் தெரியாது. அது பக்கத்தில் வந்தால் கையிலுள்ள கன்ட்ரோலர் அதிரும், அவ்வளவுதான். ஒரே அறையில் ஐந்து பேர் அலறியபடி ஆடலாம். சூப்பர் மாரியோ மேக்கரில் விரலால் இழுத்துப் போட்டு மேடைகளைக் கட்டுவதும் அப்படித்தான். இவற்றைத் தாண்டி அந்தத் திரைக்கு உருப்படியாக வேலை கொடுத்த கேம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நல்ல கேம்களில் பெரும்பாலானவை, மாரியோ கார்ட் 8, பிக்மின் 3 என்று, பின்னால் ஸ்விட்ச்சுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. வீடு நன்றாகத்தான் இருந்தது, குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள்.

ஆறாவது இடம்தான் சண்டைக்கு வரவேண்டிய இடம். அதில் நிண்டெண்டோ 64 இருக்கிறது. ஐந்தாவதாக வீ.

நிண்டெண்டோ 64-ஐ வீக்கும் கீழே வைப்பதா?

ஆமாம். 1996-இல் வந்த அந்தப் பெட்டி இல்லாமல் இன்றைய 3டி கேம்கள் இந்த உருவத்தில் இருந்திருக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சூப்பர் மாரியோ 64-இல் கேமரா என்ற விஷயத்தையே ஆடுபவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, மேகத்தின்மேல் உட்கார்ந்து கேமராவைத் தூண்டிலில் தொங்கவிட்டபடி மாரியோவைப் பின்தொடரும் லக்கிட்டு. கோட்டைக்குள் கண்ணாடி பதித்த அறை ஒன்றில் நுழைந்தால், பின்னால் மிதக்கும் அந்த ஒளிப்பதிவாளரின் பிம்பமும் தெரியும். 1998-இல் செல்டா தொடரின் ஆகரினா ஆஃப் டைம், இசட் பட்டனை அழுத்தி எதிரியைக் குறிவைத்துச் சுற்றிவரும் முறையைக் கொண்டுவந்தது. இன்று வரும் வாள்சண்டை கேம்கள் பலவற்றில் அதன் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம்.

சரி, இப்போது அதே கேம்களை எடுத்து ஆடிப் பாருங்கள். ஆகரினா நொடிக்கு 20 பிரேம்தான் ஓடும். படங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள அந்தப் பெட்டியின் வரைகலைச் சில்லில் இருந்த இடம் 4 கிலோபைட். அதனால் சின்னப் படத்தை இழுத்துப் பரப்பி, மேலே ஒரு மங்கலைப் பூசிச் சமாளித்தார்கள். சுவரும் தரையும் ஈரத்துணியால் துடைத்த ஓவியம் போலத் தெரிவது அதனால்தான். போட்டியாளர்கள் சிடிக்குப் போய் 650 மெகாபைட் வரை நிரப்பிக்கொண்டிருந்தபோது, நிண்டெண்டோ கேட்ரிட்ஜை விடவில்லை. அதில் பெரியதே 64 மெகாபைட். அந்தப் பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை பெரிது. அதுவரை நிண்டெண்டோவிலேயே வந்துகொண்டிருந்த ஃபைனல் ஃபேன்டஸி, ஏழாம் பாகத்தில் பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

கன்ட்ரோலர் இன்னொரு கதை. மூன்று கைப்பிடிகள், நமக்கோ இரண்டு கைகள். எந்தப் பிடியை விடுவது என்று ஒவ்வொரு கேமும் தனித்தனியாகச் சொல்லித்தரும். நடுவில் இருக்கும் ஸ்டிக், உள்ளே பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசித் தேய்ந்து, போகப் போகத் தலை தொங்கிப்போகும். மாரியோ பார்ட்டியில் உள்ளங்கையால் அதைச் சுழற்றிக் கையைப் புண்ணாக்கிக்கொண்டவர்களுக்கு அமெரிக்காவில் கையுறை கொடுக்க வேண்டிய நிலை வந்தது.

நான்கு பேர் உட்கார்ந்து கோல்டன்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடியவர்கள் என்னைச் சபிக்கலாம். கன்ட்ரோலர் செருகும் நான்கு துளைகளை முகப்பிலேயே வைத்தது அருமையான முடிவு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கு பேரையும் இன்று ஒன்றுசேர்த்தால், பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் “வேற ஏதாவது போடு” என்பார். எனக்கு அது ஒவ்வொரு முறையும் நடந்திருக்கிறது.

வீயில் அது நடப்பதில்லை. பட்டன்களைக் கண்டு பயந்தவர்கள்கூட, கையால் வீசி ஆடும் அதன் ரிமோட்டை வாங்கிப் பந்தை அடிக்கக் கிளம்பிவிடுவார்கள். முதல் நாள் டென்னிஸுக்கு எழுந்து நின்று முழுக்கையையும் வீசுவோம். இரண்டாம் வாரம் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சொடுக்கினால் போதும் என்று தெரிந்துவிடும். அந்த ரகசியம் தெரிந்தபிறகும் வீ ஸ்போர்ட்ஸ் சுவையாகவே இருப்பது ஆச்சரியம். டிவிக்கு மேலே வைக்கும் சென்சார் பார் எதையும் உணர்வதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. அதில் இருப்பது வெறும் அகச்சிவப்பு விளக்குகள். பார்ப்பது ரிமோட்டின் மூக்கிலுள்ள கேமராதான். இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் வேலை நடக்கும்.

பிறகு ஏன் ஐந்தாவது? தனியாக உட்காரும் மாலைகளில் அதைத் தேடுவதில்லை. சூப்பர் மாரியோ கேலக்ஸி ஒன்றுதான் விதிவிலக்கு. குட்டிக் குட்டிக் கிரகங்களைச் சுற்றித் தலைகீழாக ஓடும் அந்த விளையாட்டில் கையை உதறினால் மாரியோ ஒரு சுழற்று சுழல்வார். அந்த அளவோடு நிறுத்தியதே அதன் அழகு. மற்ற கேம்கள் பலவற்றில், பட்டனை அழுத்த வேண்டிய இடத்திலெல்லாம் கையை ஆட்டச் சொன்னார்கள். 480 வரித் தெளிவு இன்றைய டிவியில் பூசினாற்போல் தெரிவதும் ஒரு குறை.

நடுவில் இரண்டு

நான்காவது, எல்லாவற்றுக்கும் மூத்தது: 1983 ஜூலை 15-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம், அமெரிக்காவில் என்இஎஸ் என்று உடைமாற்றிக்கொண்டது. மசாயுகி உயெமுரா வடிவமைத்த பெட்டி. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட்டில் அடங்கிவிடும். மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. இந்தச் சிக்கனத்தால்தான் கேம்கள் இன்றும் வளவளவென்று பேசாமல் நேராக விஷயத்துக்கு வருகின்றன.

இங்கே இரண்டு வடிவங்களில் எது என்று கேட்டால், சிவப்பும் வெளிர்மஞ்சளுமான ஜப்பானியப் பெட்டிக்கே என் ஓட்டு. அதன் இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு மைக் இருந்தது. முதல் செல்டாவில் பெரிய காதுகளோடு வரும் போல்ஸ் வாய்ஸ் என்ற அரக்கனை அதில் கத்தியே ஒழித்துவிடலாம். அமெரிக்கக் கன்ட்ரோலரில் மைக் இல்லை. ஆனாலும் கையேட்டில் “இதற்கு இரைச்சல் பிடிக்காது” என்ற குறிப்பு அப்படியே இருந்தது. எத்தனை பேர் கேமுக்குள் கிடைக்கும் புல்லாங்குழலை ஊதி ஊதிக் களைத்தார்களோ! அமெரிக்கப் பெட்டியில் கேட்ரிட்ஜை வீடியோ கேசட் போல உள்ளே தள்ளி அழுத்தும் அமைப்பு வேறு. உள்ளிருக்கும் 72 முனைகள் காலப்போக்கில் தளர்ந்து, திரை சிமிட்டத் தொடங்கும். வாயால் ஊதினால் சரியாகிவிடும் என்று உலகமே நம்பியது. எடுத்து மறுபடி செருகியதுதான் வேலை செய்தது, ஊதிய ஈரம் முனைகளைக் கெடுக்கத்தான் செய்தது.

இதற்கு மேல் ஏற்ற முடியாததற்குக் காரணம் பொறுமை. மூன்று உயிர் போனால் முதலிலிருந்து வா என்று சொல்லும் கேம்களுக்கு என் ஒரு மணி நேரம் போதாது.

மூன்றாவது ஸ்விட்ச். 2017 மார்ச் 3-இல் வந்தது, அதே நாளில் செல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்டும் வந்தது. கண்ணுக்குத் தெரியும் மலை எதுவானாலும் ஏறலாம் என்ற அந்த ஒரு சுதந்திரமே பல மாலைகளை விழுங்கியது. எண்ணிக்கையில் பார்த்தால் நான் அதிகம் ஆடியதும் ஸ்விட்ச்தான். பிறகு ஏன் மூன்றாவது? அது ஒரு பெட்டி என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை. வீயின் முகப்பில் இசை ஓடும், கேம்க்யூப் இயங்கும்போது ஒரு கனசதுரம் உருண்டு வரும். ஸ்விட்ச்சின் முகப்போ அலுவலகத் திரை போல மௌனமாக இருக்கும். ஜாய்-கான் என்ற அதன் கன்ட்ரோலர்களில் ஸ்டிக்கைத் தொடாமலே நகர்வு பதிவாகும் கோளாறு பரவி, 2020-இல் நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவாவே வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. கேம்களுக்காக மூன்று, பெட்டிக்காக என்றால் இன்னும் இறங்கியிருக்கும்.

ஊதாப் பெட்டியா, சாம்பல் பெட்டியா?

மிச்சமிருப்பவை இரண்டு. 2001-இன் கேம்க்யூப், 1990-இல் ஜப்பானில் வந்த சூப்பர் நிண்டெண்டோ. முதலாவது விற்றது 2 கோடியே 17 லட்சம், இரண்டாவது 4 கோடியே 91 லட்சம்.

கையில் பிடித்தால் கேம்க்யூபுக்கு நிகரில்லை. பச்சை நிற ஏ பட்டன் பெரிது, கட்டைவிரல் தானாக அங்கேதான் போய்க் குந்தும். அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம், இரண்டு அவரைவிதை வடிவங்கள். குனிந்து பார்க்கவே வேண்டாம். தோள்பட்டன்கள் இழுக்கும் அளவை உணரும்: மாரியோ சன்ஷைனில் லேசாக அழுத்தினால் ஓடிக்கொண்டே தண்ணீர் பீய்ச்சலாம், கடைசிவரை அழுத்திச் சொடக்குச் சத்தம் வந்தால் நின்ற இடத்திலிருந்து குறிபார்க்கலாம். திசை காட்டும் கூட்டல்குறிப் பட்டனான டி-பேட் மட்டும் பட்டாணி அளவு. யாருடைய கட்டைவிரலுக்காகச் செய்தார்களோ. ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆடுபவர்கள் இந்தக் கன்ட்ரோலரைக் கைவிட மறுத்ததால், 2014-இல் வீ யூவுக்கே ஒரு இணைப்புக் கருவி செய்ய வேண்டியதாயிற்று.

பெட்டிக்கும் ஒரு குறும்பு உண்டு. தூக்கிப்போக ஒரு கைப்பிடி. இசட் பட்டனைப் பிடித்தபடி இயக்கினால் தொடக்க ஒலி மாறும். நான்கு கன்ட்ரோலரிலும் பிடித்தால் இன்னொரு ஒலி. செல்டா தொடரின் விண்ட் வேக்கர் கார்ட்டூன் உருவத்தில் வருகிறது என்று தெரிந்தபோது சிரித்தவர்கள் ஏராளம். அன்று ‘நிஜம் போல’ இருக்கிறது என்று கொண்டாடப்பட்ட பல கேம்கள் இன்று மெழுகுபொம்மைகளாகிவிட்டன. விண்ட் வேக்கரின் கடல் அப்படியே இருக்கிறது. ரெசிடென்ட் ஈவில் 4 இங்கேதான் முதலில் வந்தது, குட்டி வட்டில் இடம் போதாமல் இரண்டு வட்டுகளில்.

இவ்வளவும் சொல்லிவிட்டு கேம்க்யூபை இரண்டாவதாக வைக்கிறேன். காரணம் மெட்ராய்டு என்ற விண்வெளி சாகசத் தொடர். இரண்டு பெட்டிகளிலும் அதன் உச்சம் இருக்கிறது: 1994-இல் சூப்பர் மெட்ராய்டு, 2002-இல் மெட்ராய்டு பிரைம். பிரைம் என்னை எப்போதும் வியக்கவைக்கும். பக்கத்தில் ஏதாவது வெடித்தால் நாயகி சேமஸின் முகம் அவள் தலைக்கவசத்தின் உட்புறக் கண்ணாடியில் ஒரு கணம் தெரியும். ஆனால் அந்த உலகம் தன்னைப் பற்றிச் சொல்ல வருவதை, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சூப்பர் மெட்ராய்டில் ஒரு பள்ளத்துக்குள் விழுந்து மாட்டிக்கொள்கிறேன். மேலே ஏற வழியில்லை. அங்கே மூன்று குட்டிப் பிராணிகள் சுவருக்குச் சுவர் தாவித் தாவி ஏறிக் காட்டுகின்றன. எழுத்தில் ஒரு வரி விளக்கம் இல்லை. பார்த்துப் பார்த்து நானும் தாவுகிறேன், விழுகிறேன், மறுபடி தாவுகிறேன். பாடம் முடிந்தது. இந்த அடக்கம் சூப்பர் நிண்டெண்டோ முழுக்க இருக்கிறது. 3.58 மெகாஹெர்ட்ஸ் செயலி, எதிரே போட்டி நிறுவனமான சேகாவின் மெகா டிரைவ் அதைவிட இரண்டு மடங்கு வேகம். திரையில் எதிரிகள் கூடினால் கேம் மூச்சுவாங்கும். அந்தக் குறையைச் சுற்றித்தான் எஃப்-ஜீரோ என்ற பந்தய கேம் தட்டைப் படத்தைச் சாய்த்துச் சுழற்றி வேகத்தை உண்டாக்கியது. சோனியின் கென் குதராகி செய்த ஒலிச்சில்லு 64 கிலோபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு எட்டுத் தடங்களில் குகையின் எதிரொலியைக் கொண்டுவந்தது.

இன்று நம் கையிலிருக்கும் ஏறக்குறைய எல்லாக் கன்ட்ரோலர்களிலும் இருக்கிற நான்கு பட்டன் வைர வடிவமும் இரண்டு தோள்பட்டன்களும் அங்கே தொடங்கியவைதான். ஆனால் முதலிடம் அதற்காக அல்ல. அது மறுபடி வரலாறாகிவிடும். கேட்ரிட்ஜைச் செருகிப் பட்டனைத் தள்ளினால், ஏற்றுகிறேன் இரு என்று எதுவும் என்னைக் காக்கவைப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் முழு ஒரு மணி நேரமும் எனக்கே.

போன வாரமும் சூப்பர் மெட்ராய்டுதான். அந்தப் பள்ளத்தில் இப்போதும் மூன்றாவது முறைதான் ஏறினேன்.