எஞ்சின் அருமை, முதல் ஆயில் விஷயத்தில்தான் எரிச்சல்

முதல் சர்வீஸிலேயே ஆயில் மாற்றணுமா என்று நண்பர் கேட்டார். மாற்றுங்கள். என் காரின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இன்றும் ஆயில் குடிப்பதில்லை. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அளவு இறங்குவதே தெரியாது. அதற்குப் பாதிக் காரணம் முதல் 1,000 கி.மீ. ஓட்டிய விதம்.

புது வண்டி என்று பொத்திப் பொத்தி ஓட்டுவதும் தவறு. சிலிண்டருக்குள் எரிந்த வாயுவின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளினால்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டர் சுவரில் ஒழுங்காக உட்காரும். எஞ்சின் சூடான பிறகு மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து (எஞ்சினின் நிமிடச் சுழற்சி) 3,500 வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறைய விடுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவதும், டாப் கியரில் திணறத் திணற ஏற்றத்தில் ஏறுவதும், ரெட்லைன் (ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோடு) வரை முறுக்குவதும் இப்போதைக்கு வேண்டாம்.

எரிச்சல் இங்கேதான். கையேட்டில் முதல் ஆயில் மாற்றம் 10,000 கி.மீ.யில். 1,000 கி.மீ. சர்வீஸில் வெறும் பார்வையிடல். கேட்டால் "தேவையில்லை சார்" என்கிறார்கள். ரிங், பேரிங், கேம் எல்லாம் பழகும்போது உதிர்கிற நுண்துகள் அந்த ஆயிலில்தான் சுற்றுகிறது. ஃபில்டர் பிடிக்குமே என்றால், முழுதும் பிடிக்காது. மிக நுண்ணியவை நழுவிவிடும். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஃபில்டரைச் சுற்றிவிடும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே உள்ளே போகும்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. இன்றைய எஞ்சின்களின் கடைசல் வேலை துல்லியமானது. ஹோண்டாவின் சில கையேடுகள், குறித்த காலம் வரை முதல் ஆயிலைத் தொடவே வேண்டாம் என்கின்றன. ஆனால் பிஎம்டபிள்யூ தன் எம் (M) வகை அதிவேகக் கார்களுக்கு 2,000 கி.மீ.யிலேயே மாற்றச் சொல்கிறதே! கையேடு தடுக்காவிட்டால் 1,000-லிருந்து 1,500-க்குள் ஃபில்டரோடு மாற்றிவிடுவதுதான் என் கட்சி. அதே கிரேடு, அதே ஸ்பெக் ஆயில். வாரண்டிக்காக பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். ட்ரெயின் பிளக்கின் (ஆயில் வடிக்கும் துளையை மூடும் திருகு) வாஷர் புதிதாக இருக்கட்டும். சம்ப் (எஞ்சினடி ஆயில் தொட்டி) அலுமினியம் என்றால், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கட்டாயம், மரை போனால் பெரிய செலவு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீறிடும். 3.5 லிட்டர் கொள்ளளவுக்கு முதலில் 3.2 ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளந்து நிரப்புங்கள். வடிந்த ஆயிலில் மெல்லிய மினுமினுப்பு சகஜம். விரலில் நெருடும் சில்லு தட்டுப்பட்டால் உடனே சர்வீஸில் காட்டுங்கள்.

இந்தக் காரில் எஞ்சினின் அடிக்கவரில் ட்ரெயின் பிளக்குக்கு ஓட்டை விட்டவர்கள் ஃபில்டருக்கு விடவில்லை. ஒவ்வொரு முறையும் முழுக் கவரையும் கழற்றணும், பிளாஸ்டிக் கிளிப் ஒன்றிரண்டாவது உடையும். எஞ்சினுக்குக் குறை சொல்ல மாட்டேன். இருந்தும், சொந்தக் கையால் ஆயில் மாற்றுகிறவருக்கு இந்தக் காரைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.