டீசல் தாங்கியைக் கிளப்பப் போறவர்கள் முதலில் இதை வாசியுங்கோ

பெரியப்பாவின் லொறிக் கொட்டில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவுக்குள்தான் இருந்தது. சண்டைக்கு முந்தின காலத்தில் அவர் நிலத்துக்குக் கீழே புதைத்த டீசல் தாங்கி, எரிபொருள் தடை வந்த நாளிலிருந்து தேடுவாரில்லாமல் கிடந்தது. போன மாசி மாதம் அந்த இடத்தில் அத்தான் வீட்டுக்கு அத்திவாரம் போட நினைத்தபடியால் அதைக் கிளப்ப ஒருத்தரைப் பிடித்தேன். தாங்கியை எடுத்து, மண்ணையும் பரிசோதித்து ரிப்போர்ட் தர 185,000 ரூபா என்று பேச்சு. மதிப்பீட்டுத் தாளில் 'மண் பரிசோதனை' என்று இரண்டே சொல். அதோடு கையெழுத்து வைத்தது என் பிழை.

தாங்கி வெளியே வந்த அன்று எனக்கு வேலை நாள். பின்னேரம் வந்து பார்த்தால் குழியை மூடிவிட்டார்கள், அதுவும் தோண்டிய அதே மண்ணால். "மேல குவிச்ச மண்ணில கொஞ்சத்தை ஒரு சொப்பிங் பாக்கில அள்ளிக்கொண்டு போனவங்கள் தம்பி" என்றா அம்மா.

இரண்டு கிழமையால் ரிப்போர்ட் வந்தது. பிஎச், மின் கடத்துதிறன், நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம். கீழே 'திருப்திகரம்'. விவசாயம் படிப்பிக்கிற சிநேகிதன் ஒருவனிடம் காட்டினேன். "இது வெங்காயத்துக்குப் பசளை போடப் பாக்கிற பரிசோதனையடா, எண்ணெயை இதில பாக்கவே இல்லை" என்றான். தாங்கி கிளப்பினவருக்குப் போன் எடுத்துக் கேட்டால், "மண் பரிசோதனை எண்டால் இதுதானே அண்ணை" என்று பதில். காசும் திரும்பவில்லை.

எனக்கு நெஞ்சு பதறினது காசுக்காக இல்லை. எங்கள் செம்மண் ஆழமில்லை, கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணாம்புக்கல். மேலே சிந்தினது வடிகட்டப்படாமல் நேரே கிணற்று நீருக்குப் போகும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இந்த நிலத்தடி நீரைத்தான். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு எங்கள் கண் முன்னே நடந்தது. அதற்காக 2019இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. சுன்னாகம் எங்களுக்குத் தூரமில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாய் விசாரித்து அறிந்தேன். மாதிரி எடுக்கவேண்டியது குவித்த மண்ணிலிருந்து அல்ல. தாங்கி கிடந்த இடத்துக்கு நேர் கீழே, இரண்டு அந்தத்திலும், எண்ணெய் ஊற்றும் குழாய்க்குக் கீழேயும், கை படாத மண்ணில் எடுக்கவேண்டும். கண்ணாடிப் போத்தலில் இடைவெளி விடாமல் நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் 4 பாகை அளவில் வைத்து அனுப்பவேண்டும். வெயிலில் கிடக்கும் பையிலிருந்து எண்ணெயில் இருக்கும் பென்சீன் போன்றவை ஆவியாகிப் போய்விடும், ஆய்வுகூடம் எவ்வளவு நல்லதாயிருந்தும் பிரயோசனமில்லை. மதிப்பீட்டுத் தாளில் 'மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன், பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன்' என்று பெயர் பெயராய் எழுதுவியுங்கோ. டீசல் என்றால் நப்தலீனையும் சேருங்கோ. எந்த ஆய்வுகூடம் என்பதும் அதில் இருக்கட்டும். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை குழியை மூட விடாதேங்கோ, முழுக்காசும் குடுக்காதேங்கோ. மாதிரி எடுக்கும் நேரம் ஒரு நாள் லீவு போட்டாவது பக்கத்தில் நில்லுங்கோ, படமும் எடுங்கோ.

போன கிழமை எங்கள் செலவில் ஜேசிபி பிடித்து அதே குழியைத் திரும்பத் தோண்டினோம். ஆறடியில் கல் வெடிப்புக்குள் கறுத்த மண், கிட்டப் போக டீசல் மணம். மாதிரிகளும் கிணற்றுத் தண்ணீரும் ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போயிருக்கின்றன, முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை எங்கள் கிணற்றில் குடிக்க அள்ளுவதில்லை. பக்கத்து வளவு அக்காவிடமும் நானே போய்ச் சொன்னேன். அவவின் கிணறு எங்கள் குழியிலிருந்து அறுபது அடிகூட இல்லை.