குளூலாம் என்று சொல்லி ரப்பர் மரப் பலகை அடுக்கைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

குளூலாம் என்றால், மரப் பலகைகளை உறுதியான பசையில் அடுக்கி ஒட்டிச் செய்யும், பாரம் தாங்கும் உத்தரம். மொட்டைமாடித் தாழ்வாரக் கூரைக்கு ‘இறக்குமதி குளூலாம்’ என்று விலை பேசி வாங்கிய உத்தரங்கள் இவை. பிரித்துப் பார்த்தால் 18 மி.மீ. ரப்பர் மர ஃபிங்கர் ஜாயின்ட் பலகைகள் (சிறு துண்டுகளின் முனைகளை விரல் கோத்ததுபோல் பிணைத்து ஒட்டியவை). பன்னிரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைப் பசையில் ஒட்டி 216 மி.மீ. உயரமாக்கி, மேலே வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். ஸ்பான், அதாவது தாங்கும் இரண்டு முனைகளுக்கு இடையிலான தூரம், 5 மீட்டர். ஒரு மழைக்காலம் முடிந்ததும் நடுவில் தொய்வு. சுவர்ப் பக்கம் ஒட்டு வாய் பிளந்து கத்தி முனை உள்ளே போகிறது. கேட்டால், “மரம்னா கொஞ்சம் விரியத்தான் சார் செய்யும்” என்கிறார் விற்றவர். பில்லில் இருப்பது வெறும் ‘லேமினேட்டட் உட்’. அதை வைத்து யாரிடமும் சண்டை போட முடியாது.

ரப்பர் மரம் மழைக்கும் கரையானுக்கும் தாங்காது என்பது தெரிந்ததே. அதைவிடப் பெரிய கோளாறு பசையில். வெள்ளைப் பசை அலமாரிக்கு நல்லது. ஆனால் பாரம் நாள்கணக்கில் நின்றால் அது மெல்ல நழுவும், வெயில் சூட்டில் இளகும். ‘டி3, வாட்டர்ப்ரூஃப்’ என்று டப்பாவைக் காட்டுவார்கள். அந்தத் தரம் பாரம் தாங்கும் உத்தரத்துக்கானது அல்ல. நடு உயரத்தில் ஒட்டு முழுதாக விட்டுப்போனால் ஒரு உத்தரம் இரண்டு அரை உத்தரமாகிவிடும். வலிமை பாதியாகும், தொய்வு நான்கு மடங்காகும்.

ஜெர்மனியில் பாட் ரைஹன்ஹால் ஊரின் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கின் கூரை 2006 ஜனவரி 2 அன்று விழுந்து 15 பேர் இறந்தார்கள். அங்கே போட்டிருந்தது ஈரம் தாங்காத யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. போதாததற்கு, 1.20 மீட்டர் உயரம் வரை மட்டுமே அனுமதி பெற்றிருந்த வகை உத்தரத்தை 2.87 மீட்டருக்குச் செய்து வைத்திருந்தார்கள்.

முன்பணம் கொடுக்கும் முன்பே பில்லில் எழுதி வாங்குங்கள்: இ.என். 14080 (குளூலாமுக்கான ஐரோப்பியத் தரநிலை), வலிமை வகுப்பு (ஜி.எல்.24எச் போல), பசை இ.என். 301 டைப் 1 (பாலியூரித்தேன் பசையானால் இ.என். 15425 டைப் 1), தயாரிப்பாளர் பெயர், லாட் எண். உத்தரத்திலும் அந்த முத்திரை இருக்கவேண்டும். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரெசார்சினால் பசைதான் கரும்பழுப்புக் கோடாகத் தெரியும். மெலமைன், பாலியூரித்தேன் வகைகளில் கோடே தெரியாது, அவையும் நல்லவைதான். வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சில மணி நேரம் கொதிக்கவைத்துக் காயவிடுங்கள். வெள்ளைப் பசையும் யூரியா பசையும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். துண்டு தர மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

“எங்க பட்டறையிலேயே ஒட்டித் தர்றோம்” என்பாரிடமும் கவனம். பலகையைச் சீவிய சூட்டோடு, ஈரப்பதம் பார்த்து, உத்தரம் முழு நீளத்துக்கும் சீரான அழுத்தத்தில் பிடிக்கவேண்டும். ஜி கிளாம்ப் நாலு போட்டு முறுக்கினால் அந்த அழுத்தம் வராது.

ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? பிளவில் பசை ஊற்றி மூடாதீர்கள். ஒரு கோடு விட்டிருந்தால் மற்றவையும் அதே பசைதான். நடுவில் இரும்புத் தூண் முட்டுக் கொடுத்து, கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, உத்தரத்தை மாற்றுங்கள்.