ஈரோடு பஸ் ஸ்டாண்டில் உதவ ஓடி வருபவரிடம் போன் பூட்டு நம்பரைச் சொல்லிவிடாதீர்கள்

காங்கேயத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஈரோட்டில் திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்கு மாதம் ஒருமுறை போய் சரக்கு எடுப்பேன். போன மாதமும் நைட்டித் துணி, பாவாடைத் துணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு காலை பத்து மணி வாக்கில் காங்கேயம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன்.

"அக்கா, சேலையில என்னமோ அசிங்கம் பட்டிருக்குதுங்க" என்றாள் ஒரு பெண். பார்த்தால் முதுகுப் பக்கம் சேறு மாதிரி ஏதோ. அவளே தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டினாள். கைப்பையை மூட்டை மேல் வைத்துவிட்டு முந்தானையை அலசினேன். நிமிர்ந்தால் பையும் இல்லை, அவளும் இல்லை. பைக்குள் 3,200 ரூபாய், போன், ஏடிஎம் கார்டு.

இந்த வித்தையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கத்தினேன். முதலில் ஓடி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், சலவைச் சட்டை, மரியாதையான பேச்சு. "பதறாதீங்கம்மா, முதல்ல ஜிபேயை நிறுத்தணும். உங்க போன் பூட்டு நம்பர் என்னங்க?" என்றார். கை கால் நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். கஸ்டமர் கேருக்குப் பேசுவதாகச் சொல்லி, யாருக்கோ போன் போட்டு அந்த நாலு எண்ணையும் ஒப்பித்தார். அப்புறம், "அந்தா, ரயிலடிப் பக்கம் ஓடுறான்" என்று கையைக் காட்டினார். பாவம், இரண்டு பையன்கள் அதை நம்பி அந்தப் பக்கம் ஓடினார்கள்.

பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்தார். "அம்மிணி, அந்தாளு பேச்சக் கேக்காத. அவனும் தண்ணி ஊத்துனவளும் ஒண்ணா டீ குடிச்சத நான் பாத்தேன்." திரும்புவதற்குள் ஆள் கூட்டத்தில் கரைந்துவிட்டான்.

ஒரு காலேஜ் பெண் தன் போனைக் கொடுத்தாள். பேங்குக்கும், ஆன்லைன் பண மோசடியைச் சொல்ல அரசாங்கம் வைத்திருக்கும் உதவி எண்ணான 1930க்கும் அவளே நம்பர் போட்டுத் தந்தாள். நான் பேசி முடிப்பதற்குள் 9,000 ரூபாய் போயிருந்தது. பூட்டுக்கும் பணம் அனுப்பும் பின்னுக்கும் ஒரே எண்ணை வைத்திருந்தேன். தயவுசெய்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்தப் பெண் என்னிடம் என் பேரையும் பேங்கு பேரையும் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. பின்னைச் சொல்ல வாயெடுத்தபோதுகூட, "எங்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று தடுத்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் காலேஜுக்கே போகவில்லை, என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். புகார் கொடுத்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கச் சொன்னதும் அவள்தான். போனை முடக்க அரசாங்கத்தின் சிஇஐஆர் தளத்தில் பதியும்போது புகார் நகலும், ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண்ணும் வேண்டும். போன் வந்த அட்டைப்பெட்டியில் அந்த 15 இலக்க எண் இருக்கும், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே நம்பரில் புது சிம்மும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் என் மூட்டையைக் காத்தது டீக்கடைக்காரர். டிக்கெட் காசைத் தன் பையிலிருந்து போட்டவர் பஸ் கண்டக்டர். வழிச்செலவுக்கு வைத்துக்கொள் என்று பூக்கார அம்மா 50 ரூபாயைக் கையில் திணித்தார். போன பணம் இன்னும் வரவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது.

இந்தச் செவ்வாய் அந்த 50 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அந்தத் தண்ணி பாட்டிலுக்காரி முந்தாநேத்து மறுபடி வந்தா சாமி. வயசான ஒருத்தர் சட்டையக் காட்டிப் பேசிட்டு இருந்தா. பையக் கெட்டியாப் புடிச்சுக்கோங்கன்னு சத்தம் போட்டேன், ஓடிட்டா" என்றார்.